மேற்குக் கிளைக்கு இடம்

ஆபீஸில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். அவளைவிட ஆறு வயது மூத்த ஆர்க்கிடெக்ட்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில், முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து வீட்டுப் படங்கள் வரைந்தாள். அவள் குடியிருந்த வீட்டில் இரண்டு அறை. வரைந்த வீடுகள் சிலவற்றில் செருப்பு வைப்பதற்கே அவ்வளவு இடம் விட்டிருந்தாள்.

எதைப் பார்த்தாலும் அளப்பாள். கைப்பையில் ஐந்து மீட்டர் டேப் இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போகமாட்டாள். மகன் கல்யாணத்தில் மேடை ஏறிய ஏழெட்டுப் பேர் வரிசையாக ஒரே படியில் தடுக்கினார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா புதுத்துணி கசங்கக் குனிந்து, படிகளை ஒவ்வொன்றாக அளந்து, மூன்றாவது படி மட்டும் இரண்டு சென்டிமீட்டர் அதிகம் என்று மண்டபத்து மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னாள். சம்பந்தியம்மாளுக்கு அன்றைக்கே அவளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் விழுந்துவிட்டது. அது பிறகு மாறவே இல்லை.

கணவர், மகன் ஆறாவது படிக்கும்போதே இறந்துபோனார். அவள் சம்பளத்தில் படித்து மகன் கட்டுமான என்ஜினியர் ஆனான். அவள் ஆபீஸ் வரையும் வீடுகளுக்கெல்லாம் பீம், தூண் கணக்கு அவன்தான் போட்டுக்கொடுப்பான். வேலை விஷயமாக இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. இங்கிருந்து படம் போகும், அங்கிருந்து கணக்கு வரும்.

மற்றவர்கள் வரைந்த படம் என்றால் ஆர்க்கிடெக்ட் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவார். அக்கா வரைந்தது என்றால் கையெழுத்து மட்டும் போடுவார். “அக்கா அளந்தா அளந்ததுதான்” என்பது ஆபீஸில் எல்லார் வாயிலும் இருந்த பேச்சு. கேட்டால் கேட்காத மாதிரி இருப்பாள். ஆனால் அவளுக்குச் சொத்து என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பேச்சுதான்.

அவள் கடைசியாக வரைந்தது ஏரிக்கரைச் சரிவில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் கப்பலில் சரக்கு அனுப்புகிறவர். ஊரில் இருப்பதே அபூர்வம். வீட்டைக் கட்டியது அவர் மனைவி. கட்டடம்தான் மரங்களுக்கு நடுவே ஒதுங்கி நிற்க வேண்டுமே தவிர, கட்டடத்துக்காக எந்த மரமும் ஒதுங்கக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆர்க்கிடெக்ட்டும் அப்படியே செய்தார். அறுபத்து மூன்று மரங்கள். ஒன்றையும் தொடாமல் வீட்டை மூன்று இடத்தில் வளைத்தார். பெயர்க்க முடியாத பாறையைக் குளியலறைச் சுவராக்கினார். சரிவு இறங்கும் இடத்தில் சமையலறையும் இரண்டு படி இறங்கியது. ஹாலுக்கு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே வராந்தா, அதற்கு அப்பால் ஏரி. வராந்தா நடுவில் ஒரு வாகை மரம் நின்றது. அது மேலே போக, கான்கிரீட் கூரையில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு துளை. மாதிரி வீட்டை அட்டையில் செய்து காட்டியபோது வீட்டுக்காரம்மாள் மற்ற எதையும் விட்டுவிட்டு அந்தத் துளையைத்தான் பார்த்தார். நிலா மாதிரி இருக்கிறது என்றார்.

மரங்களை அளந்தது அக்கா. சர்வேயரோடு இரண்டு நாள் சரிவில் ஏறி இறங்கி, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி, சுற்றளவு எழுதிக்கொண்டாள். அளக்கிறவர்கள் எல்லாரும் நெஞ்சு உயரத்தில்தான் அளப்பார்கள். வாகை பதினேழாம் நம்பர். படத்தில் அதை ஒரு வட்டமாகப் போட்டாள். அந்த வட்டத்தைச் சுற்றித்தான் கூரைத் துளையை வரைந்தாள்.

கூரை போடவிருந்த வாரம், திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி போன் செய்தார்.

“அக்கா, கொஞ்சம் சைட்டுக்கு வந்துட்டுப் போங்க. போன்ல சொல்ற விஷயம் இல்ல.”

கூரைக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். வியாழக்கிழமை கான்கிரீட். அக்கா ஏணியில் ஏறிப் பார்த்தாள். வாகை மரம் மூன்று மீட்டர் உயரத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது. கிழக்குக் கிளை சொன்ன பேச்சைக் கேட்டு வட்டத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது. மேற்குக் கிளை ஏரிப் பக்கம் சாய்ந்து, வட்டத்தை விட்டு வெளியே வந்து, பீம் வரவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. பலகையை அதற்கு மேல் அடிக்க முடியாமல் பட்டையோடு நிறுத்தியிருந்தார்கள்.

“வட்டத்தைப் படத்துல இருக்கிற இடத்துலதான் போட்டிருக்கேன். மூணு தடவை அளந்துட்டேன்” என்றார் மேஸ்திரி. “மரம்தான் படத்துல இல்லாத இடத்துல இருக்கு.”

அக்காவும் அளந்தாள். துளையின் மையத்திலிருந்து மேற்குக் கிளையின் மையம் தொண்ணூறு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. கிளையின் வெளிப்பக்கம் பீமுக்குள் பதினைந்து சென்டிமீட்டர் போயிருந்தது. இன்னொரு தடவை அளந்தாள். அதே பதினைந்து. நெஞ்சு உயரத்தில் மரம் அவள் வரைந்த இடத்தில்தான் இருந்தது. துளை இருப்பது நாலு மீட்டர் உயரத்தில். அங்கே மரம் எங்கே இருக்கிறது என்று அவள் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

மேஸ்திரி பதினெட்டு வருடமாக அவள் படத்தை வைத்து வேலை பார்த்தவர். தப்பைக் கண்டுபிடித்ததில் அவளைவிட அவருக்குத்தான் கூச்சம் அதிகம்.

“இதுக்குப் போய் ஏன்க்கா மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? ஒரு கிளைதானே. நாளைக்குக் காலைல ஆள் வரச் சொல்றேன், அரை மணி நேரத்து வேலை. மேடம் வெள்ளிக்கிழமைதான் வராங்க. ஆபீஸ்ல சார் காது வரைக்கும் போக வேண்டாம். மரம் போய் யார்கிட்டயாவது சொல்லவா போகுது?”

அக்கா மேற்குக் கிளையைச் சுற்றி டேப்பைப் போட்டாள். சுற்றளவு நூற்று அறுபது. கிழக்குக் கிளைக்கும் போட்டாள். தொண்ணூற்றைந்து. கிளை என்று மேஸ்திரி சொன்னதுதான் மரத்தில் பெரும்பங்கு.

அவள் சரி என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. ஏணியில் இறங்கி, பேசாமல் பஸ் ஏறியிருந்தால் போதும். மறுநாள் காலை பத்து மணிக்கு மரமும் படமும் ஒத்துப்போயிருக்கும். முப்பத்தோரு வருடப் பேர் அப்படியே இருந்திருக்கும்.

“வெட்ட வேண்டாம். யாரும் அதைத் தொடவும் வேண்டாம்” என்றாள். “வியாழக்கிழமை கான்கிரீட் இல்ல.”

“அப்ப சார்கிட்ட?”

“நான் சொல்லிக்கிறேன்.”

திரும்பி வரும்போது இறங்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினாள். நடந்துகொண்டே மகனுக்குப் போன் செய்தாள். நடந்ததை அளவுகளோடு சொன்னாள்.

“நானும் சைட்டுக்குப் போகவே இல்லம்மா. போயிருந்தா ஒரு தடவை மேல பார்த்திருப்பேன்.”

“பார்த்திருக்க மாட்ட. உன் தலை எப்ப போனை விட்டு நிமிர்ந்திருக்கு? நான் குடுத்தது வட்டம். வட்டத்துக்கு நீ கணக்குப் போட்ட. பீமை எவ்வளவு தள்ளலாம், அதைச் சொல்லு.”

அவன் அன்று மாலைக்குள் சொல்லிவிட்டான். எண்பத்தைந்து சென்டிமீட்டர் மேற்கே தள்ளலாம். பீமின் ஆழம் பதினைந்து கூட வேண்டும், அடியில் இரண்டு கம்பி அதிகம். கிளைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே எழுபது இருக்கும். காற்றில் ஆட அது போதும். துளை மட்டும் வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் இழுத்துவிட்ட மாதிரி நீளும். ஒரு வாரம் தாமதமாகும்.

செவ்வாய்க்கிழமை ஆர்க்கிடெக்ட்டிடம் போய்ச் சொன்னாள். அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. படம் திருத்தப்பட்டால் என்ன காரணம் என்று எழுத மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் என்ன எழுத வேண்டும் என்று அவரே எடுத்துக்கொடுத்தார்.

“தள நிலவரப்படி மாற்றம்னு போட்டுடுங்க அக்கா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. யாருக்கும் சங்கடம் இல்ல.”

“தளம் மாறலையே சார். மரம் அதே இடத்துலதான் நிக்குது.”

“அது நமக்குத் தெரியும்.”

“அப்ப நமக்குத் தெரிஞ்சதையே எழுதிடறேன்.”

‘மேற்குக் கிளை அளவில் விடுபட்டது. வரைந்தவரின் பிழை’ என்று எழுதினாள். படம் எட்டுப் பிரதியாக எல்லாருக்கும் போயிற்று. அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆர்க்கிடெக்ட் அவள் வரைந்த வேறு மூன்று படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். சிவப்புப் பேனா சட்டைப்பையில் இருந்தது. அக்கா பார்த்தாள். மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மாள் சைட்டுக்கு வந்தார். புதுப் படத்தைப் பலகை மேல் விரித்து வைத்தார்கள். அவர் நின்றபடியே பார்த்தார்.

“இது என்ன, முட்டை மாதிரி இருக்கு?”

ஆர்க்கிடெக்ட் கிளையைக் காட்டி விளக்கினார். வீட்டுக்காரம்மாள் மூலையில் இருந்த கட்டத்தைப் படித்தார். படிக்கிற பழக்கம் உள்ளவர்.

“தப்பு உங்களோடதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்க தப்புக்கு என் நிலா ஏன் முட்டையாகணும்? அறுபத்து மூணு மரம் இருக்கு. அதுல ஒண்ணுல ஒரு கிளை. வெட்டிடுங்க.”

முதல் நாள் மரம் ஒதுங்கக் கூடாது என்று சொன்னது இவர்தான் என்பதை அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஆர்க்கிடெக்ட் திரும்பி ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பிழை செய்தவள் என்று எழுத்தில் கொடுத்தவள் இனி எதை வைத்துப் பேசுவது? அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. அவள் மரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“மூணரை மணி வரைக்கும் இருக்க முடியுமா மேடம்? அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் போட்டுத் தரேன்.”

மணி அப்போது இரண்டு ஐம்பது. வீட்டுக்காரம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மூன்றரைக்கு அக்கா ஹாலில் சோபா வரப்போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். வெயில் ஏரிக்கு மேலே இறங்கியிருந்தது. ஹாலின் பாதித் தரையில் மேற்குக் கிளையின் நிழல் விழுந்திருந்தது. நிழல் முடியும் இடத்தில் அக்கா சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். ஐந்து நிமிடம் கழித்து நாற்காலியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலடி தள்ளிப்போட்டு, இங்கே கொஞ்சம் உட்காருங்கள் என்றாள்.

வீட்டுக்காரம்மாள் உட்கார்ந்தார். வெயில் மேலேயிருந்து பாதி, தண்ணீரில் பட்டுத் திரும்பியது மீதி. அவர் முதலில் கண்ணைச் சுருக்கினார். பிறகு கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். போனை எடுத்தார், திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று உள்ளே வைத்தார்.

“கிளை போச்சுன்னா ஹால் முழுக்க இப்படித்தான் இருக்கும் மேடம். கண்ணாடி போட்டா இன்னும் சூடு. தாங்காம திரை போடுவீங்க. திரை போட்டா ஏரி தெரியாது.”

வீட்டுக்காரம்மாள் எழுந்து, நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டுபோய் நிழலில் போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி டீ வாங்கி வந்து நீட்டினார். அதைக் குடித்து முடித்தபிறகுதான் பேசினார்.

“சரி, முட்டையாவே இருக்கட்டும். அதுக்காகப் படத்துல முட்டைன்னு எழுதிடாதீங்க. நீங்க எழுதுவீங்க.”

அடுத்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் ஆரம்பித்தது. சிமெண்ட் பால் பட்டையில் படாமல் அக்கா கிளைக்குச் சாக்கு கட்டச் செய்தாள். மகன் வந்து புதுக் கம்பிகளைச் சரிபார்த்தான். இந்தத் தடவை முதலில் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தான். அக்கா அதைக் கவனித்துவிட்டு, பரவாயில்லையே என்றாள். அவள் நாள் முழுக்கப் பலகை மேலேயே நின்றாள். யார் நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

மாலை நாலு மணிக்கு ஏரியிலிருந்து காற்று வந்தது. கிளை ஆடியது. அவள் டேப்பை விளிம்பில் பிடித்து எண்ணைச் சொல்லச் சொல்ல மகன் எழுதினான். அதிகபட்சம் பதினொன்று. எழுபதில் பதினொன்று.

ஏணியில் இறங்கும்போது நடுவில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று அவன் கீழேயிருந்து கேட்டான்.

“காலைலேருந்து நின்னது. வேற ஒண்ணும் இல்ல.”

அவனும் அப்படித்தான் நினைத்தான். டாக்டரிடம் போக அதற்குப் பிறகு பத்து வாரம் ஆயிற்று. அதற்குள் நோய் முற்றியிருந்தது. ஹாலுக்குக் கண்ணாடி பொருத்தியதை அவள் பார்க்கவில்லை.