விருத்தாசலத்தில் வசந்தாவுக்கு இரண்டு கேஸ்

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். என் அக்கா மகள் வசந்தா மெட்ராஸில் சமூகப்பணி எம்.ஏ. சேர்ந்த அன்றே, "நாலு பேருக்கு உதவி செய்ய எதுக்குப் பட்டம்? இதுல என்னமோ இருக்குது" என்று திட்டக்குடி கடைத்தெருவில் எல்லார் காதிலும் விழச் சொன்னவன் நான். ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன். மற்றவர்களைவிட ஆழமாகப் படித்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்து நான்காம் வருடம், மாசி மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. கள வேலைக்காக விருத்தாசலம் பீங்கான் பட்டறைகள் பக்கம் ஒரு மாதம் தங்கியிருக்கிறாளாம். 'எனக்கு இரண்டு கேஸ் கொடுத்திருக்கிறார்கள். கேஸ் முடியாமல் ஊருக்கு வர முடியாது. இதை முடித்து எழுதிக் கொடுத்தால்தான் பட்டம்.' கடைசி வரியை யார் படித்தார்கள்? கேஸ் என்ற இடத்திலேயே அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணுன்னாக்கூடப் பரவால்ல, ரெண்டு கேஸா!" என்றார் அக்கா வீட்டுக்காரர். பிறகு என்னைப் பார்த்து, "நீ போயி பாரு. போலீஸ் கேஸா இருந்தாலும் சரி, வயசுப் பொண்ணு தொணையில்லாம சுத்துனாலும் சரி, பொட்டியோட கூட்டியாந்துடு. படிச்சது போதும்" என்றார்.

காலை ஆறு பத்துக்கு பஸ். தூரம் சுமார் இருபது மைல், டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. இந்த வழியில் காலையில் போகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள். வலது பக்கம் முழுக்க வெயில். எனக்கு எதிரே ஒருவர் பெண்ணாடத்திலிருந்து செய்தித்தாளில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மஃப்டி போலீஸ் என்று கண்டுபிடித்துவிட்டேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். இறங்கும்போது அவர், "அண்ணே, தீப்பெட்டி இருக்குதா?" என்று கேட்டார். தரவில்லை. கைரேகை எடுக்கும் தந்திரமாகக்கூட இருக்கலாம்.

ஏழு முப்பத்தைந்துக்கு விருத்தாசலம். பதினைந்து காசுக்கு டீ குடித்தேன். அதிலும் ஏதோ கலந்திருந்தது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் பீங்கான் பட்டறைக்குப் போகவேண்டும் என்றேன்.

"எந்தப் பட்டறைங்க? ஜாடியா, பொம்மையா, பியூஸ் கட்டையா?"

"கேஸ் நடக்குற பட்டறை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குக் கோர்ட்டுக்குல்ல போவணும்?"

ஒரு ரூபாய் கேட்டார், அறுபது காசுக்கு முடித்தேன். ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றோம். மூடிய கேட்டைப் பார்த்து, என் வருகை யாருக்கோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பட்டறைப் பக்கம் மண்ணும் வெள்ளை, மரமும் வெள்ளை, வேலை முடிந்து வந்தவர்களின் புருவமும் வெள்ளை. சூளைக்குப் பின்னால் ஒரு கூரை வீட்டு வாசலில் வசந்தா நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நரைத்த கொண்டையும் கண்ணாடியும் குடையுமாக அவளுடைய காலேஜ் டீச்சரம்மா. எனக்கு அரை உயிர் வந்தது. ஆனால் நோட்டின் தலைப்பில் 'கேஸ் 2' என்று இருந்ததைப் பார்த்ததும் அதுவும் போயிற்று.

அந்த வீட்டுக்காரி அஞ்சலை, ஜாடிக்குப் பளபளப்புப் பூசுகிறவள். என்னைப் பார்த்ததும், "யாரு பாப்பா இது? மொறை மாமனா?" என்றாள்.

"மாமாதான்க்கா. ஆனா ரெண்டு புள்ளைக்கு அப்பா. என்னைக் காவல் காக்க வந்திருக்கார்" என்றாள் வசந்தா. என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு.

"கேஸுன்னியே, யாரு மேல?" என்று காதோடு கேட்டேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யார் மேலயும் இல்ல மாமா. உதவி தேவைப்படுற குடும்பத்த எங்க படிப்புல கேஸுன்னு சொல்லுவோம்" என்றாள். அஞ்சலையின் புருஷன் கலியனுக்கு நான்கு மாதமாக இருமல். களிமண் தூள் நெஞ்சில் இறங்கியிருக்குமோ என்று பயம். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார். மூன்று வாரமாக இவள் வருகிறாள், அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தாளு யாரு? கம்பெனி ஆளா? இருமுறவன் பேரெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி வேலைய விட்டு நிறுத்தறதுக்குத்தான இந்த நோட்டு?"

உலகத்தில் என்னைப் போலவே ஒரு மனிதன்! எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"நான் பாப்பாவுக்கு மாமாங்க. நானும் அதேதாங்க நெனச்சேன். இந்த நோட்டுல என்னமோ இருக்குதுன்னுதான் விடிகாலைல பஸ்ஸு ஏறி வந்தேன்."

"நீங்க பாப்பாவுக்கு மாமாதானே?"

"அதனாலதான் ரெண்டு மடங்கு சந்தேகம்."

கலியன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. வாசலில் வசந்தா நோட்டை மூடிவிட்டாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "நோட்டுல எழுதினத மொதல்ல எனக்குப் படிச்சிக் காட்டச் சொல்லுங்க" என்றார். அவள் வந்து வரி விடாமல் படித்தாள். கம்பெனி பெயர் அதில் எங்குமே இல்லை. 'இவர் நல்ல தொழிலாளி. என்னை நம்பாததில் நியாயம் இருக்கிறது' என்று ஒரு வரி இருந்தது. அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பத்தரைக்கு சட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மாலை பஸ்ஸில் நான் தனியாகத் திரும்பினேன். பெட்டி இல்லாமல் வந்த என்னை அக்கா வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தி, "கேஸு?" என்றார். விளக்கினேன். "தொணை?" என்றார். டீச்சரம்மாவைப் பற்றிச் சொன்னேன். குடையை விவரித்தேன். அவர் முகம் தெளிந்தது. வசந்தா அந்த வருடமே பட்டம் வாங்கினாள்.

பிள்ளைகளைக் கள வேலைக்கு அனுப்புகிறவர்களுக்கு: கடிதமோ போனோ, 'கேஸ்' என்று சொல்லாமல் 'குடும்பம்' என்று சொல்லச் சொல்லுங்கள். பட்டறைப் பக்கம் போனால் கறுப்புச் சட்டை வேண்டாம். வெள்ளைத்தூள் போகவே போகாது. ரயில்வே கேட்டுக்கு எப்போதும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு வசந்தா போன் செய்வாள், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுக்காரர் இறக்கும்வரை வருடா வருடம் அந்த டீச்சரம்மாவுக்கு என்னிடம் முந்திரிப் பருப்பு கொடுத்தனுப்பினார். அதையெல்லாம் என் வீட்டில்தான் தின்றோம். அன்று அந்த வாசலில் குடையும் இல்லை, கொண்டையும் இல்லை. அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.