உரசாத டயர்

ஓமானில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி மீன் வண்டி வாங்கிய ததேயுசுக்கு, அந்தக் கடற்கரையில் ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. குருசடி வளைவு. சிலுவை நிற்கும் குருசடியை ஒட்டி, இரண்டு பக்கமும் மதில் நெருக்கும் அந்த மூலையில் மற்ற டிரைவர்கள் முன்னால் எடுத்துப் பின்னால் எடுத்துத் தவிக்க, அவர் மட்டும் ஒரே ஒடிப்பில் திரும்பிப் போய்விடுவார். அதைப் பார்த்துத்தான் மீன்காரப் பெண்கள் மீன் நிறைந்த சருவப் பாத்திரங்களை அவர் வண்டியில் ஏற்றினார்கள். கருங்கல் சந்தையில் முதலில் போய் இறங்குகிற மீனுக்குத்தானே மவுசு.

ஒரே தொல்லை, மணல். லோடு ஏறினால் டயர் புதைந்துவிடும். ரிம்மை மாற்றாமல் கொஞ்சம் பெரிய டயராகப் போட்டால் இழுக்கும் என்று தெரியும். ஆனால் பெரிய டயர் மட்கார்டின் உள்பக்கம் உரசும். அப்படி உரசி உரசி ஓட்டத்திலேயே கிழிந்த டயர் ஒன்றை ஓமானில் கண்ணால் பார்த்தவர் அவர்.

கருங்கலில் ஆன்றோ டயர் கடை வைத்திருந்தான். ததேயுசின் மகள் லிஜாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று குழந்தையைக் கையில் ஏந்தியவன். அன்றிலிருந்து இருவரும் கும்பாரிகள். வயதில் இளையவன்தான் என்றாலும், கும்பாரி ஆனபிறகு பேச்சு ‘நீரு’ என்றுதான்.

“உரசாதில்லியா கும்பாரி?”

“எனக்க கையில வண்டிய விட்டுட்டு, நீரு போயி ஒரு சாயா குடியும்.”

குடித்துவிட்டு வந்தார். ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசிவரை ஒடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. குனிந்து அடியில் ஒருதடவை பார்த்திருக்கலாம். ஆனால் கும்பாரி செய்த வேலையைக் குனிந்து சோதிக்கிற வழக்கம் அந்தக் கரையில் யாருக்கும் கிடையாது. பிள்ளையையே கையில் கொடுத்தாயிற்று, வண்டிக்கென்ன?

மறுநாள் குருசடி வளைவில் வண்டி திரும்பவில்லை. மதிலில் முட்டப் போனது. பின்னால் எடுத்து மறுபடி திருப்பவேண்டி வந்தது.

“என்ன ஓய், வண்டிக்கு கழுத்து சுளுக்கா?” என்று பின்னால் சருவங்களோடு உட்கார்ந்திருந்த முத்துக்கனி கத்தினாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த ஆன்றோவிடம் கேட்டார். ஆன்றோ மீன்தலையை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: “டயர் ஒண்ணும் செய்யாது கும்பாரி. வயசு அம்பதத் தாண்டியாச்சில்லா? கண்ணும் கையும் பழையபடி நிக்குமா? ஒரு டிரைவரப் போடும்.”

ததேயுசின் மனைவி ஞானசெல்வி அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். ததேயுஸ் மேசைக்கடியில் தன் விரல்களை விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு வளைவு வருவதற்கு முன்பே கால் பிரேக்குக்குப் போனது. ஒருநாள் பின்னால் எடுக்கும்போது, இறங்கி நின்ற முத்துக்கனியை பம்பர் தட்டியது. முழங்கால் சிராய்ப்போடு தப்பினாள். சருவம் கவிழ்ந்து சாளை மீன் ரோடெல்லாம் சிதறியது. யாரும் திட்டவில்லை. மறுநாள் எல்லாச் சருவமும் இன்னொரு மீன் வண்டிக்காரன் சிஜோவின் வண்டியில் ஏறியது, அவ்வளவுதான்.

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். விற்கும்முன் அலைன்மென்ட் பார்த்துவிடலாமென்று மார்த்தாண்டம் போனார். அங்கே சுயம்பு என்கிற மெக்கானிக் அடியில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

“அண்ணாச்சி, இந்த ஸ்டாப்பர் போல்ட்ட யாரு வெளிய முறுக்குனது?”

“அது எதுக்குள்ளது?”

“சக்கரம் ஒரு அளவுக்கு மேல திரும்பாம தடுக்கது இதாக்கும். டயர் ரெண்டு சைஸ் கூடுதல். முழுசா ஒடிச்சா உரசும். அதனால ஒடியவே விடாம கெட்டிப் போட்டிருக்கானுவ. ஒரு சைஸ் கூட்டியிருந்தா மட்ஃபிளாப்ப கொஞ்சம் அறுத்து விட்டா போதும். ஒண்ணும் உரசாது. செய்தவனுக்குத் தெரியாம இருக்காது, கேட்டேளா?”

ததேயுசுக்குக் கோபத்துக்கு முன்னால் வந்தது நிம்மதி. கை கெட்டுப்போகவில்லை. கருங்கல் வந்து சேர்வதற்குள் அந்த நிம்மதி நெஞ்சுக்குள் கசந்துவிட்டது.

“உரசாதுண்ணுதான சொன்னேன்? உரசிச்சா?” என்றான் ஆன்றோ. பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த சைஸ்தான் கடையில கெடந்துது. இல்லேண்ணு சொன்னா நீரு வேற கடைக்குப் போவீரு” என்றான்.

“டயர விடு. எனக்க கையப் பத்தி நான் கேட்டேனே, எனக்க வீட்டுல இருந்து சோறு தின்னுக்கிட்டு என்னலே சொன்ன நீ?”

ஆன்றோ ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

பழைய டயர்களைப் போட்டு, போல்ட்டைச் சரிசெய்து, மறுநாள் விடியலில் குருசடியில் ஒரே ஒடிப்பில் திரும்பிக் கரையில் கொண்டு நிறுத்தினார். சிஜோ வண்டியருகே நின்ற பெண்கள் பார்த்தார்கள்.

“பாருங்கட்டி, கை சரியாயிட்டுது!” என்றாள் முத்துக்கனி. “என்ன வைத்தியம் ஓய் பாத்தீரு?”

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும், சந்தைக்கு மீன் போய்ச் சேரும் முன்னால் கரை முழுக்கப் பரவிவிடும், ததேயுசின் கையில் குற்றமில்லை என்று. கூடவே லிஜாவின் ஞானத்தகப்பன் களவாணி என்றும் பரவும். வருகிற மாதம் கோவிலில் உறுதிபூசுதல் சடங்குக்கு அவள் தோளில் கைவைத்து நிற்கவேண்டியவன் அவன்தான்.

“கண்ணாடி மாத்துனேன்” என்றார்.

“அப்பம் கண்ணுதான் போச்சா! ஆத்தாடி, இம்புட்டு நாளும் குருடன் வண்டியிலயா போனோம்?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சருவங்களைத் தூக்கி சிஜோவின் வண்டியில் ஏற்றினார்கள்.