ஃபிர்மின் போடாமல் விட்ட கோடுகள்

திங்கட்கிழமை காலை ஊசி. போவதில்லை என்று ஃபிர்மின் முடிவு கட்டி மூன்று நாள் ஆகிவிட்டது. மனைவி சொலாஞ்சிடம் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. திறந்தால் வீடு ரெண்டாகிவிடும்.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, மே மாத வெயிலில், பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கத்துக் கிராமத் தெருவில் குருவிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் பின்ச் குருவி. ஒரு மணி நேரத்தில் அதிகத் தடவை பாடுவது ஜெயிக்கும். நம் குருவியை நாமே எண்ணக் கூடாது. பக்கத்துக்காரன் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, அது பாடப் பாட நீளக் கோலில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். அடுத்தவன் காதை நம்பித்தான் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஃபிர்மினுக்கு அறுபத்தாறு வயது, நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் காலை மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்பது மாதமாக இதே அவதிதான். புராஸ்டேட்டில் புற்றுநோய். ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன்தான் அதற்குத் தீனி என்று டாக்டர் ஊசி போட்டு அதை வற்ற வைத்துவிட்டார். கூடவே கோபம் வற்றியது, ஆசை வற்றியது. திடீர் திடீரென்று உடம்பில் சூடு ஏறி வேர்க்கிறது. சோப்புத்தூள் விளம்பரத்துக்குக் கண்ணீர் வருகிறது, கண்றாவி! "மூளைக்கும் அதுதான் போய்க்கிட்டிருந்தது, இப்ப போகலை" என்றார் டாக்டர், ஏதோ குழாயில் தண்ணீர் வராததைச் சொல்வதுபோல.

சொலாஞ்ச் விடுவாளா? "மாதவிடாய் நின்னப்போ ஜனவரிக் குளிர்ல நான் ஜன்னலைத் தொறந்தேன். 'பைத்தியமா உனக்கு'ன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? இப்ப யாருக்குப் பைத்தியம்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவருடைய வேர்த்த படுக்கை விரிப்பை மாற்றினாள்.

அந்தச் சுரப்பு மூளை வரை போகும் என்று டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை ஃபிர்மினுக்கு. முப்பது வயதில் ஒரு தப்புப் பண்ணியிருந்தார். பின்ச் குருவியில் பெட்டை பாடாது. தன்னிடமிருந்த ஒரு பெட்டையின் தண்ணீரில் ஆண் சுரப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். மூன்றாம் வாரம் அது பாடியே விட்டது! பாட்டின் கடைசி அடி மட்டும் சரியாக விழவில்லை. பயந்துபோய் மருந்தை நிறுத்தினார், ஒரே மாதத்தில் வாயடைத்துப் போயிற்று. சொலாஞ்சைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது நானும் அந்தப் பெட்டைதானே என்று அவருக்குத் தோன்றியது. செத்தாலும் ஆம்பளையாகச் சாகலாம்.

சிவப்புக் கொடி உயர்ந்தது. ஃபிர்மின் எண்ண வேண்டியது காஸ்டனின் குருவியை. இருவரும் முப்பது வருஷப் போட்டிக்காரர்கள். நாற்பதாவது நிமிஷம் வரை ஒரு கோடு தப்பவில்லை. அப்போதுதான் அந்தச் சூடு நெஞ்சிலிருந்து கிளம்பிக் காது வரை ஏறியது. சட்டை நனைந்தது. பெட்டிக்குள் குருவி உயிரைக் கொடுத்துப் பாட, இவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சாக்பீஸ் கையில் ஒடிந்தது. துடைத்து நிமிர்வதற்குள் எத்தனை பாட்டுப் போயிற்றோ, யார் கண்டது!

கொடி இறங்கியதும் காஸ்டன் பாய்ந்து வந்தார். "டேய் ஃபிர்மின்! அடுத்தடுத்து ஆறேழு பாட்டு, என் ஸ்டூல் வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கு உன் கோல்ல ஒரு கோட்டைக் காணோம். திருட்டுப் பயலே!"

தெரு முழுக்கத் திரும்பியது. காது மந்தம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் திருட்டுப் பட்டத்தோடு இந்தத் தெருவில் இனி எப்படி நடப்பது?

"திருடலைடா. புற்றுநோய்க்கு ஊசி போடறாங்க. ஆண் சுரப்பை நிறுத்திட்டாங்க. சூடு ஏறுது, அழுகை வருது. அழுதுக்கிட்டு இருந்தேன், எண்ணலை."

"அப்ப பெட்டைப் பக்கம் சேர்ந்துட்டியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். காஸ்டன் சிரிக்கவில்லை.

"விட்டதை நீயே போட்டுக்கோ," என்று ஃபிர்மின் கோலை நீட்டினார்.

"என் குருவிக்கு நானே கோடு போடறதா? நல்லா இருக்குடா! இருக்கறது இருக்கட்டும். அடுத்த ஞாயிறும் நீதான் எனக்கு எண்ணணும்." காஸ்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

காபி கொண்டுவந்திருந்த சொலாஞ்ச் அத்தனையும் கேட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஃபிர்மின் நின்றுவிட்டார். "நாளைக்கு ஊசிக்கு வரமாட்டேன். பாத்தேல்ல, ஊரே சிரிச்சுது. எனக்குப் பழைய ஃபிர்மின் வேணும்."

அவள் கத்தவில்லை. கையிலிருந்த அவருடைய குருவிப் பெட்டியைத் தரையில் வைத்தாள். "மருந்தை நிறுத்தின பிறகு அந்தப் பெட்டை எத்தனை வருஷம் இருந்துச்சு?"

"எட்டு."

"ஒரு தடவையாவது பாடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் தினமும் காலைல எழுந்ததும் அதுகிட்ட போய் நின்னே?"

மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன கண்ணீர்தான் வந்தது. இந்தத் தடவை அவர் துடைக்கவில்லை.

"எனக்கும் பாட்டு வேணாம் ஃபிர்மின். கூண்டு காலியாகக் கூடாது, அவ்வளவுதான்."

குருவிப் பெட்டியை இப்போது அவர் தூக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "காலைல எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"எட்டரைக்கு. வண்டியை நான் ஓட்டறேன்."