இடப்பக்க சீட்

என் நைனா தங்கராசு செஞ்சியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். போன தை மாதம் மாரடைப்பில் இறந்தார். அதற்கு முந்தைய ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டினார்.

நைனாவை டிரைவர் சீட்டில் நான் அதுவரை பார்த்ததே இல்லை. சொல்லிக் கொடுப்பவர் இடப்பக்கம் உட்காருவார். அவர் காலடியில் தனியாக ஒரு க்ளச், ஒரு பிரேக். வலப்பக்கம் எப்போதும் யாராவது ஒரு மாணவர். காய்கறி வாங்கப் போனாலும், மேல்சித்தாமூரில் கல்யாணத்துக்குப் போனாலும், "வா, அப்டியே பிராக்டிஸ் ஆவும்" என்று ஒருவரைப் பிடித்து ஓட்ட வைப்பார். என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும் மாணவர்கள்தான். குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்குவேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டயர் கடை வைத்திருக்கும் ஜகபர் அலிக்கு இது போதாதா?

"ஏம்பா தங்கராசு, ஊருக்கே கத்துக் குடுத்துட்ட. நீ ஓட்டி ஒருத்தனும் பாக்கலையே. மெய்யாலுமே உனக்குத் தெரியுமா?"

"பாய், உனக்கு டயர் கழட்டத் தெரியுமான்னு நான் கேட்டனா?"

"கேளேன். இப்பவே கழட்டிக் காட்றேன். நீ ஓட்டிக் காட்டு."

கடையே சிரிக்கும். நைனாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது. "இந்த டப்பா வண்டிய ஓட்டிக் காட்டினா இன்னா பேரு? காட்டினா அந்த மாதிரி வண்டி ஓட்டிக் காட்டணும்" என்பார். அந்த மாதிரி என்றால் போனில் அவர் பார்க்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள். அதிலும் கியர் கம்பி இருப்பவை மட்டும்.

அங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை வரும். ஒரகடத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. எந்த ரேஸ் டிரைவரின் கையைவிடவும் அது வேகமாக கியர் மாற்றும் என்பேன்.

"மாத்தட்டும். எப்ப மாத்தணும்னு அதுக்கு யாரு சொன்னா?"

"நான்தான் நைனா."

"அப்ப வண்டிய ஓட்டுறது நீ. காசு குடுத்து வாங்கினவன் சும்மா குந்தினு வரான்."

க்ளச்சுக்கு அவரிடம் ஒரே பாடம்தான் உண்டு. "தூங்குற புள்ளைய தோள்லேருந்து எறக்கிப் படுக்க வைக்கிற மாதிரி விடு." வண்டி குலுங்கினாலோ நின்றுபோனாலோ, "புள்ள எழுந்துடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார்.

அந்த ஞாயிறு காலை கோட்டைச் சாலையில் விருத்தாம்பாள் ஓட்டிக்கொண்டிருந்தார். ரேஷன் கடையில் வேலை பார்ப்பவர். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை தோற்றவர். ஊருக்கு வந்திருந்த நான் பின் சீட்டில். ராஜகிரி அடிவாரத்தில் மூன்று ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றிருந்தன. சென்னையிலிருந்து கோட்டை பார்க்க வந்தவர்கள். மஞ்சள் காரின் சொந்தக்காரி மெஹ்ரீன், கதவைத் திறந்து இடது காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தாள். மலையிலிருந்து இறங்கும்போது பிசகி, கணுக்கால் பந்துபோல் வீங்கியிருந்தது.

நைனா காலைப் பார்க்கவில்லை. காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மதி! மூணு பெடலு! க்ளச்சு இருக்குது!"

அதுதான் அவள் பிரச்சினையும். இடது கால் இல்லாமல் க்ளச் மிதிக்க முடியாது. கூட வந்த நண்பர்கள் இருவரும் ஆட்டோமேட்டிக்கிலேயே பழகியவர்கள்.

"எங்களுக்கு க்ளச்சே தெரியாது ஆண்ட்டி" என்றான் உசைர் என்பவன்.

"ரெண்டு தபா ஃபெயிலான எனக்கே தெரியும்பா!" என்றார் விருத்தாம்பாள். அன்று முழுக்க அந்தப் பெருமை அவர் முகத்தில் இருந்தது.

திண்டிவனம் வரை யாராவது ஓட்டி வந்தால் போதும், அங்கே தன் வீட்டு டிரைவர் வந்துவிடுவார் என்றாள் மெஹ்ரீன். என் வேலையைக் கேட்டதும் சாவியை என்னிடம் நீட்டினாள். நைனா அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கி அவர் கையில் வைத்தேன்.

"இவர் ஓட்டுவார்."

மெஹ்ரீன் நொண்டிக்கொண்டே உசைரின் காருக்கு மாறினாள். நைனா கம்பீரமாக நடந்தார். காரைச் சுற்றிக்கொண்டு போனார். இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். எதிரே பார்த்தபடி, "ம், எடும்மா" என்றார்.

அவர் முன்னால் ஸ்டியரிங் இல்லை.

விருத்தாம்பாள் சிரித்த சிரிப்பில் மதில்மேல் இருந்த குரங்குகள் திரும்பிப் பார்த்தன.

இடம் மாறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியதும் குரங்குகள் மதிலைவிட்டு ஓடின. இத்தனை வருடமும் மாணவர்களின் கியரை அவர் வலது கையால்தான் திருத்தியிருக்கிறார். இப்போதும் வலது கைதான் போனது. கதவைத் தடவியது. ஜன்னல் இறங்கியது. அதற்குள் கால் க்ளச்சை விட்டுவிட, வண்டி ஒருமுறை துள்ளி அணைந்தது.

இறங்கிய ஜன்னலில் விருத்தாம்பாளின் முகம் வந்தது.

"சார்! புள்ள எழுந்துடுச்சு!"

"அங்கிளுக்கு ஓட்டத் தெரியும்தானே?" என்று உசைரின் காருக்குள்ளிருந்து மெஹ்ரீன் கேட்டாள்.

ஜகபர் அலியின் அதே கேள்வி. நைனா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார், தன்னையே.

"யோவ் தங்கராசு! அறிவு இருக்குதா? க்ளச்ச மிதி. இடது கைல கியரு. இடது கைன்னா எது? சோறு திங்காத கை!"

"சரி சார்" என்று அவரே பதிலும் சொன்னார்.

"விடு. மெதுவா. புள்ள தூங்குது. தூங்குது..."

வண்டி அலுங்காமல் நகர்ந்தது.

"செகண்ட போடுய்யா! இன்னா வேடிக்க பாக்குற?"

"போட்டுட்டேன் சார்!"

இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நான், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். டயர் கடை நெருங்கியபோது நைனா ஒரு கியர் இறக்கினார். எஞ்சின் எழுப்பிய சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே திரும்பியது.

"பாயப் பாக்காத தங்கராசு. ரோட்டப் பாரு!" என்றார். கொஞ்ச தூரம் தாண்டி, "மதி, பாய் பாத்தானா?"

"பாத்தாரு நைனா."

"வாயத் தொறந்தானா?"

"கையிலிருந்த டயரக் கீழ வுட்டுட்டாரு. அது தனியா உருண்டு போவுது."

திண்டிவனம் சாலை முழுக்கச் சிரித்தார். கண்ணில் நீர் வந்து, துடைக்கச் சொல்லி என் பக்கம் தலையைச் சாய்த்தார். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் கியர்பாக்ஸ் இதவிட வேகமா மாத்தியிருக்கும்" என்றேன்.

"மாத்தும். தப்பா மாத்தினா யாரத் திட்றது?"

பஸ்ஸில் திரும்பி வந்தோம். அதன்பிறகு ஜகபர் அலி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. டயர் மாற்ற வருபவர்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் காரின் வேகம் கூடியது.

தையில் காரியம் முடிந்து திரும்பும்போது ஸ்கூல் காரை விருத்தாம்பாள் ஓட்டினார். லைசென்ஸ் வாங்கிவிட்டிருந்தார். அம்மா, நான், ஜகபர் அலி மூவரும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இடப்பக்க சீட்டில் யாரும் ஏறவில்லை.

பஸ் ஸ்டாண்டு எதிரே வண்டி துள்ளி நின்றது. பின்னால் ஹாரன்கள்.

ஜகபர் அலி தொண்டையைச் செருமிக்கொண்டார். "புள்ள எழுந்துடுச்சு" என்றார்.

முதலில் சிரித்தது அம்மா. பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை.

விருத்தாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார். க்ளச்சை மெல்ல விட்டார். வண்டி அலுங்காமல் நகர்ந்தது. காலியாக இருந்த இடப்பக்க சீட்டைத் திரும்பிப் பார்த்து, "சரிதானா சார்?" என்றார்.