காசியில் விட்ட முள்ளங்கி

என் அண்ணன் செங்கல்வராயனைப் போல ஒரு முள்ளங்கிப் பைத்தியத்தை நான் பார்த்ததில்லை. திருப்பாச்சூரில் எங்கள் நெல் வயலை ஒட்டி, பம்புசெட்டு ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் அதைத்தான் போடுவார். வந்து வாய்த்த அண்ணி கனகாம்பாள் அவருக்கும் ஒரு படி மேலே. அவருக்குச் சாம்பாரில் வெந்தது வேண்டும். அண்ணிக்கோ பிடுங்கின கையோடு பம்புசெட்டுத் தண்ணீரில் அலசி, அங்கேயே நின்று கடிக்க வேண்டும். ஜாதகம் பார்த்தவர் இந்தப் பொருத்தத்தையும் சேர்த்துத்தான் பார்த்தாரோ என்னவோ.

எழுபதாம் வருஷம் அண்ணிக்குக் கழுத்து வீங்கியது. நலுங்குக்கு முதல் பாட்டெடுக்கிற குரல் கம்மிப்போனது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டார். அண்ணன் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தைராய்டு சுரப்பி மந்தமாக இருக்கிறது, தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும் என்றார் டாக்டர். முள்ளங்கி, முட்டைக்கோசு, காலிபிளவர் வகையே இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொன்னார்.

அண்ணி தனக்குத்தான் நிறுத்தினார். அண்ணனுக்கு முள்ளங்கிச் சாம்பார் வைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு ஒடம்புன்னா அவர் நாக்கு இன்னா பாவம் பண்ணிச்சி?" என்பார்.

நறுக்கும்போது ஒரு துண்டு வாய்க்குப் போகும். நானே பார்த்திருக்கிறேன். அண்ணனும் பார்த்தார். அதட்டத் தெரியாத மனுஷன், கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவள் செத்துப்போய்விடுவாளோ என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

மறுவருஷம் எங்கள் அப்பா அம்மாவுக்குக் காரியம் செய்ய அண்ணனும் நானும் என் வீட்டுக்காரரும் காசிக்கு ரயிலேறினோம். அண்ணிக்கு அவ்வளவு தூரம் உட்கார்ந்து வரத் தெம்பில்லை. காசிக்குப் போனால் ஒரு காயை விட்டுவிட்டு வர வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. என் வீட்டுக்காரர் பாகற்காயை விட்டார். பெரிய தியாகம்தான், பிறந்ததிலிருந்து அதை ஒரு வாய் தின்றவரில்லை! நானும் ஒன்றும் யோக்கியமில்லை, சுரைக்காயை விட்டேன்.

அண்ணன் முறை வந்தது. "முள்ளங்கி" என்றார்.

"அண்ணா, வேற எதனா சொல்லு!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"என் நாக்க நீ எடுத்துக்கோ. அவ கழுத்த எனக்குக் குடு."

கங்கையைப் பார்த்து அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அதோடு விடாமல் முட்டைக்கோசு, காலிபிளவர், நூக்கல் என்று அந்த வம்சத்தையே விட்டுத் தொலைத்தார். கடுகும் அந்தக் குடும்பம்தான் என்று பிற்பாடு ஒருத்தர் சொன்னார். நல்ல வேளை, அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் வீட்டு ரசம் தாளிப்பில்லாமல் போயிருக்கும்.

ஊருக்கு வந்ததும் அண்ணி சண்டை பிடித்தார். "வாய்ல வந்த பேரச் சொல்லிட்டேன்" என்று அண்ணன் மழுப்பிவிட்டார். அவர் தொடாததைச் சமைப்பானேன்? வீட்டுக்குள் முள்ளங்கி வருவது நின்றது. பம்புசெட்டு ஓரத்தில் கத்தரி முளைத்தது. விடிந்ததும் அண்ணனே மாத்திரையும் தண்ணீருமாகப் போய் அண்ணியை எழுப்புவார்.

மெல்ல வீக்கம் வடிந்தது. குரலும் திரும்பியது. எழுபத்து மூன்றில் புதிதாக வந்த லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இனிமே வேகவெச்சு அளவா சாப்பிடலாம்மா. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க" என்றாராம்.

அன்று நான் அங்கேதான் இருந்தேன். அண்ணன் திருவள்ளூர் மார்க்கெட்டில் ஒரு கட்டு முள்ளங்கி வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். சாம்பார் வைக்கச் சொன்னார். அண்ணி வைத்தார், ஆனால் தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"நீங்க மோர் ஊத்திக்கினு துன்னுவீங்க, நான் மட்டும் இத துன்றதா? எனக்கு வாணாம்."

அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "நீ துன்னணும்னுதான்டி நான் உட்டேன்! புடிக்காதத உட்டா சாமி கேக்குமா?"

அண்ணிக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் கரண்டியால் துழாவி, முள்ளங்கித் துண்டுகளாகப் பார்த்து அவர் தட்டில் போட்டார். அண்ணி பிசைந்து ஒரு வாய் விழுங்குகிற வரைக்கும் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு சரியா இருக்குதா?" என்று கேட்டார்.