நாற்காலியை நகர்த்திவிட்டேன்

இன்று ஆபீஸில் என் நாற்காலியைத் தூக்கி வாசல் ஓரமாகப் போட்டுவிட்டேன்.

எங்களுடையது சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். எனக்கு ஒரு பக்கம் மேனேஜர், பேரன் பேத்தி எடுத்தவர். மறுபக்கம் காவ்யா, இப்போதுதான் காலேஜ் முடித்தவள். பக்கத்தில் இருந்துகொண்டே வாட்ஸ்அப் அனுப்பினால் அவருக்கு மரியாதைக் குறைவாம். அவர் வாய் திறந்தால் இவளுக்குத் திட்டுவதுபோல் இருக்கிறதாம். அதனால் இருவருக்கும் தபால் நான்தான்.

இன்று நான் சாப்பிடப் போயிருந்தேன். லோடு ஏற்றும் இடம் நாமகிரிப்பேட்டைக்கு மாறியது அவருக்கு மட்டும் தெரியும். அவளோ வண்டியைச் சேந்தமங்கலத்துக்கே அனுப்பிவிட்டாள்.

"நீ வந்ததும் சொல்லச் சொல்லலாம்னு இருந்தேன் அம்மிணி" என்றார் அவர்.

"எடம் அதேதானான்னு நீங்க வந்ததும் அவருகிட்ட கேக்கச் சொல்லலாம்னு இருந்தேன்க்கா" என்றாள் அவள்.

அப்போதுதான் நாற்காலியைத் தூக்கினேன்.

"அந்தப் புள்ள இங்கதான உக்காந்திருக்குது, இனி நீங்களே சொல்லிக்குங்க சார். காவ்யா, நீயும் எந்திரிச்சுப் போயி வாயத் தொறந்து கேளு."



மேனேஜர் காவ்யா பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். "ஏம்மிணி, டிரைவருக்குப் போன் போட்டியா?"

"போட்டனுங்க சார். வண்டியத் திருப்பிட்டாருங்க."

சாயங்காலம் டீ வந்தபோது இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

என்னைப் பற்றித்தான். நன்றாகப் பேசட்டும். நாற்காலி இனி உள்ளே வராது.

உங்கள் ஆபீஸில் நடுவில் உட்கார்ந்திருப்பது யார்? வாசல் பக்கம் காற்று நன்றாக வருகிறது.