அம்மா இரண்டாம் முறை எழுதிய உயில்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இப்படிப்பட்ட மலர்களில் எல்லோரையும் நல்லவர்கள் என்று எழுதுவதுதான் வழக்கம். அம்மாவின் ஒரே மகளான என்னால் அது முடியவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அம்மா சாக்கோட்டைப் பக்கம் பிறந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டவர். அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. அம்மா தம் நகைகளை விற்று, கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தைத் தம் பெயரில் வாங்கினார். முள்ளை வெட்டி, கிணறு தோண்டி, நெல் விளையும் வயலாக்கினார். அதில்தான் பெரியண்ணன் படித்தார். என்னைத் தேவகோட்டையில் கட்டிக்கொடுத்ததும் அந்த வருமானத்தில்தான். சின்னண்ணன் மட்டும் அம்மாவோடு வயலில் இறங்கினார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மா முதல் உயிலை எழுதினார். வீடும் வயலும் இரு மகன்களுக்கும் சமம். ஒருவர் பிள்ளையில்லாமல் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்கு. அன்றைக்கு அது நியாயம்தான். சில ஆண்டுகளில் சின்னண்ணன் மஞ்சள்காமாலையில் காலமானார். பிள்ளை இல்லை. அவர் மனைவி, என் மதினி, அம்மாவோடு தங்கி வயலைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த உயில்படி மதினிக்கு ஒரு பாத்தி மண்கூடக் கிடையாது.

அதை மாற்ற வேண்டுமென்று அம்மா சொன்னதும் பெரியண்ணன், "இழவு விழுந்த வீட்டுல இதையா பேசுவீக?" என்றார். மறு ஆண்டு கேட்டபோது, "மக கல்யாணம் வச்சிருக்கேன், அபசகுனமாப் பேசாதீக" என்றார். பத்திரம் எழுத வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். சொந்தக்காரர்களான நீங்கள் தலையாட்டிக்கொண்டு நின்றீர்கள். ஒருத்தியின் சோற்றுக்கு வழி செய்வது எந்த ஊரில் அபசகுனம்? பிறகு அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள்.

ஒருநாள் காலை அம்மா தனியாகப் பஸ் ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மகளப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். ரிஜிஸ்தர் ஆபீசு எங்குட்டு இருக்கு? கூட்டிட்டுப் போ."

என் கணவர் எங்கள் தெரு டாக்டரையும் தம்மோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரையும் சாட்சிக்கு அழைத்து வந்தார். சின்னண்ணன் பங்கு முழுவதும் மதினிக்கு என்று அம்மா எழுதச் சொன்னார். பெரியண்ணன் பங்கில் துளியும் குறைக்கவில்லை.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?" என்று பதிவாளர் கேட்டார்.

"கட்டாயப்படுத்துனாகய்யா. எழுதக் கூடாதுன்னு."

பதிவாளர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் கழுவித் துடைத்ததும், புரட்டிப் படுக்கவைத்ததும், கஞ்சி புகட்டியதும் மதினி. கருமாதி முடிந்த கையோடு பெரியண்ணன் பழைய உயிலைக் கொண்டுவந்தார். மதினியைப் பார்த்து, "இனிமே இங்க ஒனக்கு என்ன இருக்கு? பொறந்த வீட்டுக்குப் போற வழியப் பாரு" என்றார். மதினி பெட்டியை எடுக்க உள்ளே போனார். நான் புதிய உயிலின் நகலை அண்ணன் முன் நீட்டினேன்.

உடனே, அம்மா சித்தம் கலங்கி எழுதியது என்று கோர்ட்டில் போட ஒரு மனு தயாரானது. உங்களில் சிலர் அதில் கையெழுத்துப் போட்டீர்கள். அம்மா கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள் நீங்கள். டாக்டர் நேரில் வந்து, "கூண்டில் ஏறிச் சொல்லவும் தயார். அந்த அம்மா உங்களை எல்லாம்விடத் தெளிவாக இருந்தார்" என்று சொன்ன பிறகுதான் அந்த மனு அடங்கியது.

டாக்டருக்கும், ஆசிரியருக்கும், பயந்து கிடந்த மதினிக்குத் துணையாக வந்து தங்கிய பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. இவர்களில் ஒருவர்கூட எங்களுக்குச் சொந்தமில்லை.

இன்றைய பந்திக்கான நெல் மதினியின் வயலில் விளைந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இலை உண்டு. என்னைக் கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டேன். மதினிதான் போடச் சொன்னார். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.